பேரிட்டி பங்ஷன் எதைத் திருப்பித் தர வேண்டும்? ஃபர்ம்வேர் எழுதுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1972-இல் இன்டெல் பினாங்கில் ஆலை திறந்த நாளிலிருந்து பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் சிப்போடு பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் ஏராளம். இன்று அங்கேயும், அக்கரையில் பிறையிலும் கூலிமிலும், டெஸ்ட் எஞ்சினியராகவும் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே தங்கி அதை இயக்கும் நிரல்) எழுதுபவராகவும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்கள் கைக்கு வரும் சின்னச் சின்ன வேலைகளில் ஒன்று, ஒரு பைட்டின் பேரிட்டியை, அதாவது அதன் எட்டு பிட்களில் உள்ள 1-கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைக் கண்டுபிடிக்கும் பங்ஷன் (ஒரு மதிப்பை வாங்கி விடை தரும் நிரல் துண்டு).

கணக்கு ரொம்ப எளிது. பிட்களை எல்லாம் எக்ஸார் (இரண்டு பிட் வேறு வேறு என்றால் 1, ஒன்றே என்றால் 0) செய்தால் முடிந்தது. ஆனால் நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு விதமான விடை திரும்பி வரும். ஒருவர் ஒற்றைப்படைக்கு 1 தருவார், இன்னொருவர் இரட்டைப்படைக்கு 1 தருவார், மூன்றாமவர் சரியென்றால் 0, தவறென்றால் -1 என்பார், நான்காமவர் 128 என்று எதையோ தருவார். கணக்கில் நால்வருமே பிசகவில்லை. விடைக்கு என்ன பொருள் என்பதில்தான் பிரிந்து போகிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிமட்டத்தில் இருக்கும் பங்ஷன் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: 1 பிட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. மற்ற எல்லாம் அதற்கு மேலே, வேறு பெயரில் வரட்டும்.

படி 1: மூன்று கேள்விகளைப் பிரியுங்கள்

கை நிறையப் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு ‘ஒத்தையா ரெட்டையா’ என்று கேட்டு விளையாடியவர்களுக்குப் பேரிட்டி புதிதல்ல. எத்தனை கொட்டை என்பது முக்கியமில்லை, இரண்டால் வகுத்தால் மீதி என்ன என்பதுதான் விஷயம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘பேரிட்டி’ என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறோம்.

ஒன்று, இந்த எண்ணில் 1 பிட்கள் ஒற்றைப்படையாக உள்ளனவா? இரண்டு, வழியில் பிழை நேர்ந்தால் தெரிவதற்காக இந்த டேட்டாவோடு சேர்த்து அனுப்ப வேண்டிய பேரிட்டி பிட் எது? மூன்று, எனக்கு வந்து சேர்ந்த டேட்டாவும் பேரிட்டி பிட்டும் ஒத்துப்போகின்றனவா?

ஆங்கில எழுத்து ‘டி’-யை எடுத்துக்கொள்வோம். அதன் ஆஸ்கி (எழுத்துகளுக்கான எண் குறியீடு) மதிப்பு 84. ஏழு பிட்டில் எழுதினால் 1010100. அதில் மூன்று 1 இருப்பதால் முதல் கேள்விக்குப் பதில் ‘ஆம்’. இரண்டாவது கேள்விக்கோ, லைன் (டேட்டா போகும் கம்பி) எந்த முறையில் ஓடுகிறது என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. இரட்டைப்படை பேரிட்டி என்றால் மொத்தத்தை நான்காக்க ஒரு 1 சேர்த்து 11010100 என்று அனுப்ப வேண்டும். ஒற்றைப்படை பேரிட்டி என்றால் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, 0 சேர்த்தால் போதும். ஒழுங்காக வந்து சேர்ந்தால், மூன்றாவது கேள்விக்கு இரண்டு லைனிலுமே பதில் ‘சரி’ என்பதுதான்.

ஆக, ஒரே எழுத்து, ஒரே ‘பேரிட்டி’. கேள்வியைப் பொறுத்து 1-உம் வரும், 0-உம் வரும். இந்த மூன்றையும் ஒரே பங்ஷனுக்குள் திணிப்பதால்தான் நாம் பார்க்கிற பாதிப் பிழைகள் பிறக்கின்றன.

படி 2: எது 1 என்று ஒருமுறை முடிவு செய்யுங்கள்

இந்தக் குழப்பத்தை ஆரம்பித்து வைத்தது நாம் இல்லை, சிப்களிலேயே இருக்கிறது. 1974-இல் வந்த இன்டெல் 8080-இல் பேரிட்டி ஃபிளாக் (கணக்கின் விடையைப் பற்றிச் சிப் வைக்கும் ஒரு பிட் குறி) 1 என்றால் இரட்டைப்படை. 1978-இல் வந்த 8086 அதையே பின்பற்றியது, இன்றைய எக்ஸ்86 கணினிகள் வரை அதுதான் தொடர்கிறது. ஆனால் 1980-இல் அதே இன்டெல் வெளியிட்ட 8051-ஐப் பாருங்கள். அக்குமுலேட்டரில் (கணக்கின் விடை தங்கும் இடத்தில்) 1 பிட்கள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் அதன் பேரிட்டி பிட் 1 ஆகும். ஒரே நிறுவனம், நேர் எதிரான இரண்டு பொருள். ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்கு அசெம்பிளி நிரலை (சிப்பின் சொந்தக் கட்டளைகளில் எழுதியதை) மாற்றி எழுதுபவர் டேட்டாஷீட்டைத் திறக்காமல் நினைவை நம்பினால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எக்ஸ்86-இல் இன்னொரு விஷயமும் உண்டு. விடை 32 பிட்டோ 64 பிட்டோ, ஃபிளாக் பார்ப்பது அதன் கடைசி எட்டு பிட்களை மட்டுமே.

மென்பொருள் பக்கம் இவ்வளவு பிளவு இல்லை. ஜிசிசி கம்பைலரோடு (நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) வரும் உள்ளமைந்த பேரிட்டி பங்ஷன், 1 பிட்களின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்த மீதியைத் தருகிறது. அதாவது ஒற்றைப்படைக்கு 1. லினக்ஸ் கெர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியில்) உள்ள எட்டு பிட் பேரிட்டி பங்ஷனும் இரட்டைப்படைக்கு 0, ஒற்றைப்படைக்கு 1 என்றே குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. பழைய எக்ஸ்86 சிப்களுக்கு ஜிசிசி உருவாக்கும் அசெம்பிளியைப் பார்த்தால், பிட்களை மடித்துவிட்டு (ஒரு பாதியை மறு பாதியோடு எக்ஸார் செய்துவிட்டு), கடைசியில் ‘பேரிட்டி ஃபிளாக் இல்லையென்றால் 1 வை’ என்ற கட்டளையைப் போடும். சிப்பின் பொருளைத் தலைகீழாக்கி மென்பொருளின் பொருளுக்குக் கொண்டுவருகிறது.

நாமும் ஒற்றைப்படைக்கே 1 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பான்மை அப்படிச் செய்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. இரண்டு எண்களை எக்ஸார் செய்து பேரிட்டி பார்த்தாலும், தனித்தனியே பேரிட்டி பார்த்து அந்த விடைகளை எக்ஸார் செய்தாலும் ஒரே பதில் வரும். 64 பிட் எண்ணை இரண்டு 32 பிட் துண்டுகளாக உடைத்துக் கணக்கிட்டு ஒட்டலாம். நீளமான பாக்கெட்டைப் பைட் பைட்டாகப் பார்த்து ஓட்டிக்கொண்டே போகலாம், தொடக்க மதிப்பு 0. இரட்டைப்படைக்கு 1 என்று வைத்தால் இந்த அழகு போய்விடும். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஒருமுறை தலைகீழாக்க வேண்டும், எத்தனை துண்டு என்பதை வேறு நினைவில் வைக்க வேண்டும்.

படி 3: பெயர் வைப்பது

பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. வெறும் ‘பேரிட்டி’ என்ற பெயர் போதாது. ‘செக்_பேரிட்டி’ அதைவிட மோசம். எதைச் சோதிக்கிறது, சரியென்றால் எதைத் தருகிறது என்று எதுவும் தெரியாது.

ஆனால் இருப்பதிலேயே ஆபத்தான பெயர், பார்க்கத் தெளிவாகத் தெரிகிற ‘ஆட்_பேரிட்டி’தான் (ஆட் என்றால் ஒற்றைப்படை). சென்ற மாதம் குறிப்பு எழுதக் கொடுத்த ஒரு நிரலில் அது இருந்தது. எழுதிய தம்பியிடம் கேட்டேன்.

“இது என்ன தருது தம்பி?”

“ஆட் பேரிட்டி அக்கா. பேர்லயே இருக்கே.”

“சரி, 84-ஐக் கொடுத்தா?”

“மூணு பிட், ஒத்தைப்படை... அப்ப 1.”

“இதை யூஆர்ட்ல போடுற இடத்துல என்ன எழுதியிருக்கீங்க?”

யூஆர்ட் (டேட்டாவை ஒவ்வொரு பிட்டாக லைனில் அனுப்பும் சுற்று) வரும் இடம் வரை கீழே உருட்டிப் பார்த்தார். அங்கே இவருடைய கூட்டாளி, அதே பங்ஷனின் விடையை நேராக ஒற்றைப்படை பேரிட்டி லைனில் பேரிட்டி பிட்டாகப் போட்டிருந்தார். அவர் படித்த பொருள்: ‘ஒற்றைப்படை பேரிட்டிக்கு வேண்டிய பிட்டைக் கொடு’. அந்தப் பொருளில் 84-க்கு விடை 0 ஆகியிருக்க வேண்டும். ஒரே பெயர், இரண்டு நியாயமான வாசிப்பு, எதிரெதிரான விடை. இருவரிலும் யாரையும் குறை சொல்ல முடியாது.

அதனால் கேள்வியையே பெயராக்குங்கள். முதல் பங்ஷனுக்கு ‘ஹேஸ்_ஆட்_ஒன்ஸ்’ போல ஒரு பெயர். ஒன்றுகள் ஒற்றைப்படையா என்று கேட்கிறது, வேறு மாதிரி படிக்க வழியே இல்லை. இரண்டாவதற்கு ‘பேரிட்டி_பிட்_டு_சென்ட்’. மூன்றாவதற்கு ‘ஃபிரேம்_பேரிட்டி_ஓகே’ (ஃபிரேம் என்பது டேட்டாவும் பேரிட்டி பிட்டும் சேர்ந்து வரும் பொதி). நீளம்தான், ஆனால் தட்டச்சு செய்வது ஒருமுறை, படிப்பது பலமுறை.

படி 4: எந்த வகையில் திருப்பித் தருவது

கேள்விக்குப் பதில் ஆம் அல்லது இல்லை என்பதால் பூல் வகையே (உண்மை, பொய் இரண்டை மட்டும் ஏற்பது) பொருத்தம். சி மொழியில் 1999-ஆம் ஆண்டின் தரத்திலிருந்தே அந்த வகை உண்டு. அதில் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது: 0 அல்லாத எந்த மதிப்பைப் போட்டாலும் அது 1 ஆகிவிடும்.

இது ஏன் முக்கியம் என்றால், ‘0 இல்லையென்றால் உண்மை’ என்ற பழக்கம் அடிமட்ட நிரல்களில் ஊறிப்போனது. வந்த பைட்டின் மேல் பிட்டை எடுக்க 128-உடன் அண்டு (AND: இரண்டிலும் 1 ஆக உள்ள பிட்களை மட்டும் மிச்சம் வைப்பது) செய்வோம். விடை 0 அல்லது 128. அதைப் பங்ஷன் தந்த 1-உடன் சமமா என்று ஒப்பிட்டால், 128-உம் 1-உம் எப்படிச் சமமாகும்? இரண்டுமே ‘உண்மை’தான், ஆனால் சமம் இல்லை. பேரிட்டி பிட் 0 ஆக இருக்கும் பைட்கள் எல்லாம் ஒழுங்காகத் தேறும், 1 ஆக இருப்பவை மட்டும் பிழை என்று விழும். லைனில் இரைச்சல் என்று நினைத்து ஆட்கள் கேபிளை மாற்றிக்கொண்டு இருப்பார்கள். ஒப்பிடும் முன் அந்தப் பிட்டை ஏழு இடம் வலப்பக்கம் நகர்த்துங்கள், அல்லது பூலாக மாற்றுங்கள்.

இன்னொன்று, சிலர் பிட்களை மேல்நோக்கி மடித்து, மேல் பிட்டை அப்படியே திருப்பித் தருவார்கள். 32 பிட்டில் மேல் பிட் மட்டும் 1 ஆக இருக்கும் எண்ணை எட்டு பிட் மாறியில் போட்டால் மிஞ்சுவது 0. ஒற்றைப்படை சத்தமில்லாமல் இரட்டைப்படை ஆகிவிடும்.

விடையை ஒரு ரிஜிஸ்டரின் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) குறிப்பிட்ட இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கவனம் வேண்டும். பூல் கணக்குக்குள் நுழைந்ததும் குறியுள்ள இன்ட் (எதிர்ம மதிப்பும் ஏற்கும் முழு எண்) ஆகிவிடும். 32 பிட் இன்ட்டில் 1-ஐ 31 இடம் இடப்பக்கம் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு சி மொழி எந்த உத்தரவாதமும் தராது. நகர்த்தும் முன் குறியற்ற 32 பிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

-1 போன்ற பிழைக் குறியீடு இந்தப் பங்ஷனில் வேண்டவே வேண்டாம். இது தோற்கவே முடியாத பங்ஷன், எந்த எண்ணுக்கும் விடை உண்டு. மேலும் -1-உம் ‘உண்மை’தான். எங்கோ ஒரு ‘இஃப்’ அதை ஒற்றைப்படை என்று எடுத்துக்கொள்ளும்.

படி 5: உள்ளே வரும் எண்ணின் அகலம்

எட்டு பிட் பங்ஷனுக்கு 256-ஐக் கொடுத்தால் மேலே இருக்கும் ஒரே 1 வெட்டுப்பட்டு, விடை 0 வரும். அந்த எண் ஒரு மாறியிலிருந்து வந்தால் கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது, அந்த எச்சரிக்கையைத் தனியாக இயக்க வேண்டும். அகலத்தைப் பெயரிலேயே சேர்ப்பது நல்லது: 8, 16, 32 என்று.

குறியுள்ள எண்கள் விரியும்போது நடப்பது இன்னும் நுட்பமானது. எட்டு பிட்டில் உள்ள எதிர்ம எண் 32 பிட்டாக விரியும்போது மேலே 24 ஒன்றுகள் சேரும். 24 இரட்டைப்படை, அதனால் பேரிட்டி மாறாது. பிழை இருந்தும் தெரியாது. அதே நிரலை ஏழு பிட் அகலமுள்ள குறியுள்ள புலத்துக்குப் பயன்படுத்தினால் 25 ஒன்றுகள் சேரும், விடை தலைகீழாகும். இத்தனை நாள் ஓடிய நிரல் திடீரென்று ஏன் கெட்டது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க, உள்ளீட்டைக் குறியற்ற வகையாகவே வாங்குங்கள், வேண்டாத பிட்களை முகமூடி போட்டு நீக்குங்கள்.

படி 6: எழுதுவது

இது சுருக்கமான பகுதி. எட்டு பிட்டுக்கு இரண்டே வரி. ‘ம’ என்பது உள்ளே வந்த மதிப்பு, ^ என்பது எக்ஸார், ஹெக்ஸ் என்பது பதினாறின் அடிமான எண்:

ம = ம ^ (ம >> 4)
விடை = (ஹெக்ஸ் 6996 >> (ம & 15)) & 1

முதல் வரி மேல் நான்கு பிட்டைக் கீழ் நான்கின் மேல் மடிக்கிறது. இரண்டாவது வரியில் உள்ள 6996 ஒரு குட்டி அட்டவணை. இரும எண்ணாக விரித்தால் 0110 1001 1001 0110. வலக்கோடியை 0-ஆம் இடம் என்று வைத்து எண்ணினால், ஒவ்வோர் இடத்திலும் அந்த இட எண்ணின் பேரிட்டி இருக்கும். நம் 84-ஐ மடித்தால் கீழ் நான்கு பிட் 0001 ஆகும். 1-ஆம் இடத்தில் 1 இருக்கிறது, ஒற்றைப்படை.

6996-க்குப் பதில் 9669 என்று எழுதினால் பங்ஷனின் பொருளே தலைகீழாகிவிடும், பார்த்தால் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. எனவே அந்த எண்ணின் பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு கட்டாயம். கம்பைலரில் உள்ளமைந்த பங்ஷன் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், கையால் எழுதியதைவிடப் பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும்.

படி 7: மேலே வரும் இரண்டு பங்ஷன்கள்

அனுப்பும் பிட்டைத் தருவது எளிது. இரட்டைப்படை லைனுக்கு முதல் பங்ஷனின் விடை அப்படியே, ஒற்றைப்படை லைனுக்கு அதன் தலைகீழ். லைன் முறையை உள்ளே கொடுக்கும்போது ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ என்று கொடுக்காதீர்கள். அழைக்கும் இடத்தில் வெறும் ‘ட்ரூ’ என்று பார்த்தால் அது எதைக் குறிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ‘ஈவன்’, ‘ஆட்’ என்று பெயருள்ள மதிப்புகளை வையுங்கள். இரண்டுமே நடைமுறையில் வரும். தொழிற்சாலைச் சாதனங்கள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் ஆர்டியு தரத்தில் இயல்பு நிலை இரட்டைப்படை. பழைய கணினிகளின் பிஎஸ்2 கீபோர்டும், சிப்களை இணைக்கும் ஐ3சி பஸ்ஸில் எழுதும் டேட்டாவும் ஒற்றைப்படை.

சரிபார்க்கும் பங்ஷனில்தான் ரிட்டர்ன் மதிப்பு உண்மையில் மோதும். சி உலகில் இரண்டு வழக்கம் அருகருகே வாழ்கின்றன: 0 என்றால் வெற்றி, 1 என்றால் உண்மை. லினக்ஸ் கெர்னலின் நிரல் நடை விதி இதற்கு நல்ல தீர்வு சொல்கிறது. பெயர் ஒரு செயலைச் சொன்னால் பிழைக் குறியீடு திரும்பட்டும், வெற்றிக்கு 0. பெயர் ஆம்-இல்லை கேள்வியாக இருந்தால் பூல் திரும்பட்டும். ஆக ‘ஃபிரேம்_பேரிட்டி_ஓகே’ உண்மை என்றால் சரி. ‘ரிசீவ்_ஃபிரேம்’ என்று ஒன்று எழுதினால், பேரிட்டி கெட்டபோது அது எதிர்மப் பிழை எண்ணைத் தரட்டும்.

படி 8: சோதனை

இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனெனில் பழக்கமான சோதனைகள் பல, தலைகீழான பங்ஷனைப் பிடிக்கவே பிடிக்காது.

256 மதிப்புகளையும் ஓட்டி எத்தனைக்கு 1 வருகிறது என்று எண்ணினால் 128 வரும். தலைகீழான பங்ஷனுக்கும் 128-தான். ஏதாவது ஒரு பிட்டை மாற்றினால் விடை மாறுகிறதா என்று பார்த்தால், இரண்டிலுமே மாறும். தலைகீழைக் கையும் களவுமாகப் பிடிப்பது கையால் எழுதிய நிலையான மதிப்புகள் மட்டுமே. 0-க்கு 0, 1-க்கு 1, 3-க்கு 0, 7-க்கு 1, 128-க்கு 1, 255-க்கு 0. இவற்றை முதலில் எழுதுங்கள், மற்றவை பிறகு.

லூப்பேக் சோதனையை நம்பவே நம்பாதீர்கள். அனுப்பும் கம்பியை வாங்கும் கம்பியோடு இணைத்தால், இரு பக்கமும் ஒரே தவறான பங்ஷனைத்தான் பயன்படுத்தும். எல்லாம் பச்சை விளக்காக இருக்கும். பிறையில் ஒரு டெஸ்ட் லைனில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். தாங்களே எழுதிய இரண்டு போர்டுகள் தங்களுக்குள் ஒரு குறையும் இல்லாமல் பேசின. வெளியிலிருந்து வாங்கிய வெப்பநிலைக் கட்டுப்படுத்தியை மாட்டியதும் அது ஒரு பதில்கூடத் தரவில்லை. கட்டுப்படுத்தி பழுது என்று திருப்பி அனுப்பப் போனார்கள். பேரிட்டி பிழையுள்ள ஃபிரேமை மாட்பஸ் சாதனம் பேசாமல் ஒதுக்கிவிடும், பதில் அனுப்பாது. அது தன் வேலையைத்தான் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

லாஜிக் அனலைசர் (கம்பியில் போகும் பிட்களைத் திரையில் காட்டும் கருவி) ஒன்றை மாட்டிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏழு பிட், இரட்டைப்படை பேரிட்டி என்று அமைத்து ‘டி’-யை அனுப்புங்கள். யூஆர்ட் கடைசிப் பிட்டை முதலில் அனுப்பும். எனவே தொடக்க பிட் 0, பிறகு 0010101, பிறகு பேரிட்டி 1, கடைசியில் நிறுத்த பிட் 1 என்று வரிசையாகத் தெரிய வேண்டும். பேரிட்டி இடத்தில் 0 தெரிந்தால் பங்ஷனைத் திறந்து பாருங்கள்.

முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் இதையும் யோசியுங்கள். எட்டு பிட் டேட்டாவும் பேரிட்டியும் சேர்ந்து ஒன்பது. அந்த ஒன்பதும் 0-இலேயே சிக்கிக்கொண்டால் ஒற்றைப்படை பேரிட்டி அதைப் பிடிக்கும், இரட்டைப்படை விட்டுவிடும். முழுக்க 1-இல் சிக்கினால் நேர் எதிர். இரண்டு பிட் ஒன்றாகக் கெட்டால் எதுவுமே பிடிக்காது, அதற்கு சிஆர்சி (இதைவிட வலுவான பிழைச் சோதனை) வேண்டும்.

படி 9: ஏற்கெனவே தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல்

புது நிரலுக்கு இதுவரை சொன்னது போதும். உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய நிரலாகத்தான் இருக்கும். அதில் இரட்டைப்படைக்கு 1 தரும் ‘பேரிட்டி’ பங்ஷனை இருபது இடங்களில் அழைத்திருப்பார்கள். சில இடங்களில் முன்னால் ஒரு ‘நாட்’ போட்டுச் சமாளித்திருப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள்.

பெயரை அப்படியே விட்டு உள்ளே மட்டும் பொருளை மாற்றாதீர்கள். கம்பைலர் எதுவும் சொல்லாது, இருபது இடமும் அமைதியாகக் கெடும். மாறாக, புதுப் பெயரில் புதுப் பங்ஷனை எழுதி, பழைய பெயரை அடியோடு நீக்குங்கள். இருபது இடத்திலும் கம்பைலர் கத்தும், அதுதான் நமக்கு வேண்டும். ஒவ்வோர் இடமாகப் போய், அங்கே கேட்கப்படுவது படி 1-இல் உள்ள மூன்றில் எந்தக் கேள்வி என்று பார்த்து, அதற்குரிய பங்ஷனைப் போடுங்கள். பழைய ‘நாட்’ ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

பிறகு பங்ஷனின் தலைமாட்டில் இந்த ஒரு வரியை எழுதிவையுங்கள்: ‘1 பிட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் உண்மை, 0-க்குப் பொய், எக்ஸ்86 பேரிட்டி ஃபிளாகுக்கு எதிரானது.’